நூற்றுப்பதினேழாம் பக்கத்தில் நின்ற நாவல்

1. போர்டு மாட்டிய வாரம்

வீட்டு கேட்டில் ‘இலக்கிய முகவர்’ என்று போர்டு மாட்டிய நாலாம் நாள் முதல் ஆள் வந்தார். மங்கலம்பேட்டைக்காரர். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் தம்பியின் பாஸ்போர்ட் ஜெராக்ஸும் இரண்டு போட்டோவும். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்.

“இலக்கியம்ங்கிறது கம்பெனி பேருங்களா? குவைத்துலங்களா, கத்தாருலங்களா?”

எங்கள் பக்கத்தில் ஏஜென்ட் என்றால் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். அதை விட்டால் இன்சூரன்ஸ். கதை எழுதுகிறவர்களின் கைப்பிரதியைப் படித்துப் பார்த்து, தேறும் என்று தோன்றினால் பொருத்தமான பதிப்பகத்தைத் தேடிச் சேர்ப்பது என் வேலை என்று விளக்கினேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “எழுதுறவங்கள நல்ல எடமா பாத்து சேத்து வுடுறீங்க. எங்க ஏஜென்ட்டும் அதத்தாங்க பண்றாரு” என்றார். டீ குடித்தார். போர்டு எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். இத்தனை வருடத்தில் என் வேலையை இவ்வளவு சரியாக வேறு யாரும் சொன்னதில்லை.

அதற்கு முன் சென்னையில் ஒரு பதிப்பகத்தில் இருபத்தாறு வருடம் இருந்தேன். புரூஃப் பார்ப்பதில் ஆரம்பித்து எடிட்டர் ஆனேன். கணவர் ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான விருத்தாசலத்துக்கே வந்துவிட்டோம். மெயிலும் போனும் இருந்தால் இந்த வேலையை எங்கிருந்தும் செய்யலாம். காலையில் ஜங்ஷனில் ரயில் ஏறினால் மதியத்துக்குள் சென்னை.

2. எதைப் பார்க்கிறேன்

புதிதாக எழுத வருகிறவர்கள் மெயிலில் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: “மேடம், நீங்கள் என்ன எதிர்பார்க்கிறீர்கள்?”

விதிமுறை சின்னது. கதைச் சுருக்கம் ஒரு பக்கம். அதில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். சஸ்பென்ஸ் வாசகருக்குத்தான், எனக்கு இல்லை. நாவலின் முதல் ஐம்பது பக்கம். உங்களைப் பற்றி ஐந்து வரி. ஐம்பது பக்கத்தில் பிடித்தால் மீதியைக் கேட்பேன். பிடிக்காவிட்டால் ஏன் என்று எழுதி அனுப்பிவிடுவேன்.

எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை எதுவும் என்னைப் பயமுறுத்தாது. அதைத் திருத்தித்தான் இருபத்தாறு வருடம் சாப்பிட்டேன். பெரிய வார்த்தைகளுக்கு நான் மயங்குவதில்லை. எழுதுகிறவருக்கு அந்த விஷயம் தெரியுமா என்று பார்ப்பேன். போர்வெல் போடுகிற காட்சி என்றால், சேறு எந்த நிறத்தில் முதலில் வரும், எந்த நிறம் வந்ததும் வீட்டுக்காரர் முகம் மாறும் என்று நல்லூர்க்காரர் ஒருவர் எழுதியிருந்தார். அவருக்கு வாக்கியம் அமைக்கத் தெரியவில்லை. அந்தச் சேற்றுக்காகவே அவர் புத்தகம் வந்தது.

இரண்டாவது ஒன்று உண்டு, அதைச் சொல்வது கஷ்டம். சில கைப்பிரதிகள் எல்லோரையும் பார்த்து மைக்கில் பேசுவதுபோல் இருக்கும். சிலது ஒரே ஒரு ஆளிடம் சொல்வதுபோல் இருக்கும். யாரிடம் என்று நமக்குத் தெரியாது. ஆனால் ஒரு ஆள் எதிரில் இருப்பது தெரியும். அந்த மாதிரி வந்தால் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வேன்.

மலர்க்கொடியின் நாவல் அந்த மாதிரி.

3. கொளஞ்சிநாதன்

மெயிலில்தான் அனுப்ப வேண்டும் என்று போட்டிருந்தும், அவர் நேரில் வந்தார். அறுபதை நெருங்குகிற வயது. செராமிக் கம்பெனி ஒன்றில் சூளை ஆபரேட்டர். ஷிஃப்ட் முடிந்து அப்படியே வந்திருந்தார். சட்டைக் காலரிலும் புருவத்திலும் வெள்ளை மண். உட்காரச் சொன்னால் நாற்காலியில் மண் ஒட்டுமே என்று கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

பையிலிருந்து ஸ்பைரல் போட்ட கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டிடிபி சென்டரில் அடித்தது. இருநூற்றுப் பத்துப் பக்கம். மேலே ‘ஈரக்கை – நாவல் – கொ. மலர்க்கொடி’ என்று இருந்தது.

“எங்க வூட்டுக்காரம்மா எழுதுனது மேடம். அவங்க இப்ப இல்ல” என்றார்.

மலர்க்கொடி வேறு ஒரு கம்பெனியில், பொம்மைக்குப் பளபளப்புப் பூச்சு ஏற்றுகிற கிளேஸ் செக்ஷனில் பதினேழு வருடம் வேலை பார்த்தவர். காய்ச்சல் என்று படுத்தவர் ஒன்பதாம் நாள் போய்விட்டார். அது நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒரே மகள் ஓசூரில். இவர் இங்கே தனியாக, மெஸ்ஸில் சாப்பாடு. இதையெல்லாம் நான் கேட்டுத்தான் சொன்னார். அவராகச் சொன்னது ஒன்றுதான்: புத்தகத்தில் அவள் பேர் வர வேண்டும், அட்டையில் பெரிதாக.

அன்று மதியமே எடுத்தேன். சுந்தரி என்ற பெண், பொம்மைக் கம்பெனியில் வேலை. பொம்மையை கிளேஸில் முக்கி எடுத்ததும் அதன் அடிப்பாகத்தை ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் சூளைக்குள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சுந்தரிக்கு அந்தத் துடைக்கிற வேலை. நாலாம் பக்கத்தில் இப்படி வந்தது: ‘இன்றைக்கு நானூறு பிள்ளையாருக்குக் கால் துடைத்துவிட்டாள் சுந்தரி. வீட்டுக்கு வந்து தன் காலைக் கழுவ மறந்து தூங்கிப்போனாள்.’

நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கதை பெரிதாக ஒன்றும் இல்லை. சுந்தரி வேலைக்குப் போகிறாள், வருகிறாள். கை எப்போதும் ஈரம், விரலிடுக்கில் வெடிப்பு. வீட்டில் கணவர். நாவலில் அவருக்குப் பேரே கிடையாது, ‘அவர்’ என்றுதான் வரும். கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார். வருவார், சாப்பிடுவார், டிவி பார்ப்பார். சுந்தரிக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கிறது. அதையெல்லாம் அவள் பிள்ளையார் பொம்மைகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஐம்பது பக்கம் முடித்ததும் போனை எடுத்தேன்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். முழுதும் படிக்காமல் யாரிடமும் பேசக்கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட விதி. சந்தோஷத்தில் அதை மறந்தேன். டிடிபி சென்டரிலிருந்து ஃபைலை வாங்கி, முதல் ஐம்பது பக்கத்தைச் சென்னையில் ஜெயந்திக்கு அனுப்பினேன். ஜெயந்தி ஒரு பதிப்பகத்தில் எடிட்டர். என்னிடம் வேலை பழகியவள். சாயந்தரமே போன் வந்தது. “அக்கா, மீதிய உடனே அனுப்புங்க. எங்க சார் படிச்சிட்டு இது நமக்குத்தான்னு சொல்லிட்டாரு.”

மீதியை நான் இன்னும் திறக்கவே இல்லை.

4. கடுகு

நூற்றுப்பதினேழாம் பக்கத்தில் சுந்தரி ஒரு கைப்பையோடு வேப்பூர் போகிற பஸ்ஸில் ஏறுகிறாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எதற்குப் போகிறாள் என்று எழுதியிருக்கவில்லை. கண்டக்டர் வந்து, “எங்கம்மா?” என்று கேட்கிறார்.

அடுத்த பக்கத்தில் அந்தக் கணவர் பைக்கில் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வருகிறார்.

அவருக்கு இப்போது முருகேசன் என்று பேர். வேப்பூர் கூட்டுரோட்டில் பஸ்ஸை மறிக்கிறார். சுந்தரியை ஒரு ஓட்டலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, மன்னிப்புக் கேட்கிறார். பதினோரு பக்கம் கேட்கிறார். அதன்பிறகு நாவல் முடிகிறவரை முருகேசன் பேச்சை நிறுத்தவே இல்லை. அவளுக்குப் பூ வாங்குகிறார், அவள் கைக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறார். சுந்தரி சிரித்துக்கொண்டே இருக்கிறாள். பிள்ளையாரிடம் அவள் பேசுவது நின்றுபோனது. முதல் பகுதியில் ‘சூளைப் பக்கம் போனால் முகம் இறுகும்’ என்று மட்டும் வந்த இடத்தில், இப்போது ஆயிரத்து இருநூறு டிகிரி, எத்தனை மணி நேரம் ஏற்ற வேண்டும், எத்தனை மணி நேரம் ஆறவிட வேண்டும் என்று எல்லாம் வருகிறது.

நூற்று முப்பத்துநாலாம் பக்கத்தில் சுந்தரி குழம்பு தாளிக்கிறாள். எண்ணெய் காய்ந்ததும் வெங்காயத்தைப் போடுகிறாள். வெங்காயம் நன்றாக வதங்கிய பிறகு கடுகைப் போடுகிறாள்.

கைப்பிரதியை மூடி வைத்தேன். முதல் பகுதியை எழுதிய கை இதை எழுதியிருக்காது.

இரண்டு நாள் சும்மா இருந்தேன். இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜெயந்தி தினமும் போன் செய்தாள். ஃபைல் என் கம்ப்யூட்டரில் இருந்தது, ஒரு பட்டன் தட்டினால் போய்விடும். புத்தகம் வரும். அவர் கேட்டதும் அதுதானே. கடுகை மட்டும் நானே திருத்திவிடலாம் என்றுகூடத் தோன்றியது. எடிட்டர் புத்தி.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவரை வரச் சொன்னேன். சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். நல்ல செய்தி என்று நினைத்திருப்பார்.

“சுந்தரி கொழம்பு தாளிக்கிற எடம் ஒண்ணு வருதுங்க. வெங்காயம் வதங்குனப்புறம் கடுகு போடுறாங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “கடுகு முன்னாடிங்களா?”

“முன்னாடிங்க.”

தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, வாட்ஸப்பைத் திறந்து என் முன்னால் மேஜைமேல் வைத்தார்.

“இந்தாண்ட வெள்ளையா இருக்குறது அவ. அந்தாண்ட பச்சையா இருக்குறது நான்.”

மலர்க்கொடி நாவலை நோட்டில் எழுதவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனி மரத்தடியில் உட்கார்ந்து போனில் எழுதி, அவருக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு வருடமாக. நான் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ‘வரும்போது தேங்காய் ஒன்று.’ கீழே சுந்தரி. ‘கேஸ் வந்துவிட்டது.’ கீழே சுந்தரி. வெள்ளைக் கட்டம் நீளமாக இருந்தால் வாட்ஸப் பாதியில் நிறுத்தி ‘மேலும் படிக்க’ என்று போடும். அவர் ஒன்றைக்கூடத் தொட்டுத் திறந்ததில்லை. யாரோ எழுதியதை எங்கிருந்தோ எடுத்து அனுப்புகிறாள், எல்லோரும் அனுப்புகிற மாதிரி, என்று நினைத்து அடுத்த மெசேஜுக்குப் போயிருக்கிறார். அவர் கண்ணுக்குத் தேங்காய் மட்டும் தெரிந்திருக்கிறது.

அவள் போன பிறகு ஒரு நாள் அவள் அனுப்பியதையெல்லாம் பார்க்கலாம் என்று மேலே போனவர், முதல் ‘மேலும் படிக்க’வைத் தொட்டிருக்கிறார்.

“அவ போன எடுத்துப் பாத்தேன் மேடம். எல்லாத்துக்கும் ரெண்டு டிக்கு, ப்ளூவா இருக்குது. நான் படிச்சிட்டேன்னுதான் அவ நெனச்சிருப்பா. படிச்சிட்டு ஒண்ணுமே சொல்லலன்னு நெனச்சிருப்பா.”

அவள் போனை அணைத்து பீரோவில் வைத்துவிட்டார். அதன்பிறகு தன் போனில், அவள் நிறுத்திய இடத்துக்குக் கீழே எழுத ஆரம்பித்தார். நான் பார்த்துக்கொண்டே வந்தேன். வெள்ளை முடிந்து, பச்சை. பச்சைக்குப் பச்சை, கீழே ஒற்றை டிக்.

“நாவல் எழுதணும்னு இல்ல மேடம். பதில் போட்டேன்.”

என் கணவர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, எங்கள் முகத்தைப் பார்த்து உள்ளே போய்விட்டார்.

காபி ஆறிய பிறகு கொளஞ்சிநாதன் கேட்டார். “அவ என்ன வுட்டுட்டுப் போவணும்னு நெனச்சாளா?”

நாவலில் வருகிறவர் வேறு, நீங்கள் வேறு என்று சொல்ல வாய் வந்தது. எழுத்தாளர்களின் வீட்டாரிடம் நாங்கள் வழக்கமாகச் சொல்கிற வார்த்தை அது. அந்த மனுஷரிடம் அதைச் சொல்ல முடியவில்லை.

“தெரியலீங்க” என்றேன்.

5. அவர் முடிவு

பின்பாதியை அவள் பேரில் போட முடியாது என்று நயமாகச் சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. “நான் எழுதுனது அவ்ளோ மோசங்களா?” என்று கேட்டார். மோசம் இல்லை, ஆனால் அது நீங்கள், மலர்க்கொடி இல்லை என்றேன். பாதி நாவலை யார் போடுவார்கள் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜெயந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லி, முழு ஃபைலையும் அனுப்பினேன். அவள் முதலாளி படித்துவிட்டுச் சொன்னதைச் சொன்னாள். முடியாத நாவலை வாங்கி வாசகர் என்ன செய்வார்? இரண்டாம் பாதியைக் கொஞ்சம் வெட்டி, மொழியைச் சரிசெய்தால் நிறைவாக முடிகிறது. அப்படியே போடலாம்.

“யாருக்குக்கா தெரியப்போவுது? அவரே மனசாரக் குடுத்ததுதானே” என்றாள். அவள் கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சில நாள் முன்பு நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை மறைத்து நான் முடிவு செய்யக்கூடாது என்று தோன்றியது. கொளஞ்சிநாதனிடம் அப்படியே சொன்னேன். நீங்கள் எழுதியதைச் சேர்த்து உங்கள் மனைவி பேரிலேயே போட ஒரு பதிப்பகம் தயாராக இருக்கிறது. ஆனால் அதை நான் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டேன். நீங்களே நேரில் பேசிக்கொள்ளலாம், நம்பர் தருகிறேன். மலர்க்கொடி எழுதியது மட்டும் என்றால் நான் தேடுவேன். கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

அவர் நம்பரை வாங்கிக்கொண்டார். ‘போயிட்டு வரேன் மேடம்’ என்று வழக்கமாகச் சொல்கிறவர் அன்று சொல்லாமல் போனார்.

மூன்று வாரம் போன் இல்லை. ஜெயந்தியைக் கேட்டேன், அவளிடமும் பேசவில்லை என்றாள். நான் அவரை அவமானப்படுத்திவிட்டேனோ என்று தினமும் நினைத்தேன். எட்டு மாதத்துத் துக்கத்தில் இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கடுகு பற்றிக் கேட்டிருக்கிறேன். வேறு விதமாகக் கேட்டிருக்கலாம்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தார். மறுபடியும் ஷிஃப்ட் முடிந்த சட்டை. கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

“மொதல்லேருந்து திரும்பப் படிச்சேன் மேடம். நம்மளோடத வுட்டுட்டு, அவளோடத மட்டும். அந்தாளு மொத்தமா நாலு எடத்துலதான் பேசறான். சாவி எங்கங்கிறான். கரண்டு எப்ப போச்சுங்கிறான். டிபன் பாக்ஸு கேக்குறான். ஒரு நாளு, தூங்கலியான்னு கேக்குறான். நானும் அவ்ளோதான் பேசியிருப்பேன். அவ பாத்தத எழுதியிருக்கா. அதப் போயி நான் அழிக்கக்கூடாது.”

மேஜையில் ஒட்டிய வெள்ளை மண்ணைக் கையால் துடைத்தார்.

“புத்தகம் வரலன்னாலும் பரவால்ல.”

நான் இந்தத் தொழிலில் நிறைய எழுத்தாளர்களோடு வெட்டுவதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு பத்தியை எடுங்கள் என்றால் ஆறு மாதம் பேசாமல் இருந்தவர்கள் உண்டு. தொண்ணூற்று மூன்று பக்கத்தைத் தானே எடுத்துக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

அவரிடம் ஒன்று கேட்டேன். நாவல் ஏன் அங்கே நிற்கிறது என்று வாசகருக்குச் சொல்ல வேண்டும். அதை உங்கள் பேரில், உங்கள் வார்த்தையில் எழுதித் தாருங்கள், ஒரு பக்கம் போதும். அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. என் மேஜையிலேயே பேனா வாங்கி, வெகுநேரம் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினார். நாலு வாக்கியம்.

‘இது என் மனைவி மலர்க்கொடி எழுதியது. சாப்பாட்டு நேரத்தில் எழுதி எனக்கு அனுப்பினாள். அவள் இருக்கும்போது நான் படிக்கவில்லை. இதற்கு மேல் அவள் அனுப்பவில்லை.’

கீழே கையெழுத்து. ஒரு எழுத்தையும் நான் தொடவில்லை.

6. ஜெயந்தி

அதைப் போனில் ஜெயந்திக்குப் படித்துக் காட்டினேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன்.

“இருக்கேன்க்கா” என்றாள். “நம்ம ஃபைல்ல நூத்திப்பதினேழு பக்கம், அப்புறம் இந்த ஒரு பக்கம். அவ்ளோதானே? நான் பிரிண்ட் எடுத்துட்டுப் போயி சார் முன்னாடி வெக்கிறேன். மெயில்ல வேணாம்.”

ஒரு வாரம் ஆயிற்று. முதலாளி அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு நாவலை மறுபடி முதலிலிருந்து படித்தாராம். படித்து முடித்ததும் எழுந்து வெளியே போய், தன் வீட்டுக்குப் போன் செய்து பேசிவிட்டு வந்து, “போடலாம்மா” என்றாராம். என்ன பேசினார் என்று ஜெயந்தி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அட்டையில் மலர்க்கொடி பேர் பெரிதாகத்தான் வந்தது. முதல் பிரதியை நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கம்பெனி கேட்டில் நின்று வாங்கினார். கையைச் சட்டையில் துடைத்தார், மறுபடி துடைத்தார், பிறகுதான் தொட்டார்.

7. நூலகத்தில்

ஊர் நூலகத்தில் ஒரு சின்னக் கூட்டம் வைத்தோம். முப்பது நாற்காலி போட்டிருந்தார்கள், பத்தவில்லை. மலர்க்கொடியோடு கிளேஸ் செக்ஷனில் வேலை பார்த்த பெண்கள் ஷிஃப்ட் முடிந்து மொத்தமாக வந்துவிட்டார்கள். நின்றுகொண்டே கேட்டார்கள். கொளஞ்சிநாதன் மேடையில் ஏற மாட்டேன் என்று முன்வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

நல்லூரிலிருந்து வந்திருந்த அங்கன்வாடி டீச்சர் ஒருவர் எழுந்தார். புத்தகத்தை இரண்டு தடவை படித்துவிட்டேன் என்றார். நேராகக் கொளஞ்சிநாதனைப் பார்த்துக் கேட்டார்.

“சுந்தரி எங்கதாங்க எறங்குனா?”

அவர் எழுந்து நின்றார்.

“தெரியலீங்க. அவ சொல்லல. நானும் கேக்கல.”

உட்கார்ந்துவிட்டார். பின்னாலிருந்து ஒரு பெண், மலர்க்கொடியோடு பக்கத்து கிளேஸ் தொட்டியில் வேலை பார்த்தவர், “வேப்பூருல எறங்கி ஒரு டீ குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பியிருப்பா. மறுநாளு டூட்டி இருக்குதுல்ல” என்றார். அதெல்லாம் இல்லை, நேராகச் சென்னை போயிருப்பாள் என்றார் இன்னொருவர். அவள் எங்கேயும் இறங்கியிருக்க மாட்டாள், பஸ் போகிறவரை ஜன்னலில் காற்று வாங்கிக்கொண்டு போயிருப்பாள் என்றார் அந்த அங்கன்வாடி டீச்சர். அதன்பிறகு மேடையில் இருந்த எங்களை யாரும் கண்டுகொள்ளவில்லை. முக்கால் மணி நேரம் அந்தப் பெண்கள் சுந்தரியைப் பற்றி, அப்படியே மலர்க்கொடியைப் பற்றிப் பேசினார்கள். அவள் சோறு சாப்பிட்டதும் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்வாள், என்னடி எழுதுற என்று கேட்டால் கடுதாசி என்பாள் என்று சொன்னார்கள்.

கொளஞ்சிநாதன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். யார் பேசினாலும் அவர்கள் முகத்தைப் பார்த்து, அவர்கள் முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

8. இப்போது

இதற்குப் பிறகு என் விதிமுறையில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். சுருக்கம், ஐம்பது பக்கம், உங்களைப் பற்றி ஐந்து வரி. நாலாவதாக: இதை முதலில் யாருக்குப் படிக்கக் கொடுத்தீர்கள், அவர் என்ன சொன்னார்?

தேர்வு செய்வதற்கு இந்தப் பதில் பயன்படாது. நான் தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். அம்மாவிடம், நண்பனிடம், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் என்று எழுதுகிறார்கள். ‘நன்றாயிருக்கிறது என்றார், படித்தாரா என்று தெரியவில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நிறையப் பேர் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். சிலர், ‘இதுவரை யாருக்கும் இல்லை, உங்களுக்குத்தான்’ என்று எழுதுகிறார்கள்.

கைப்பிரதி எப்படி இருக்கிறது, புத்தகமாகுமா ஆகாதா என்பது அதன்பிறகு. ‘உங்களுக்குத்தான்’ என்று எழுதி வருகிறவற்றை மட்டும் நான் ஐம்பதாம் பக்கத்தில் நிறுத்துவதில்லை. மீதியைக் கேட்டு வாங்கிக் கடைசி வரி வரை படிக்கிறேன். படித்தேன் என்று அவர்களுக்குத் தெரிகிற மாதிரி, ஏதாவது ஒரு பக்கத்தின் எண்ணைப் போட்டு, பதில் எழுதுகிறேன்.